மேய்ச்சல் நிலமும் அரசு நிவாரணமும்: உதவி யாருக்குச் சேர்கிறது?

(டாலிகஞ்சில் நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



டாலிகஞ்ச் பகுதியில் கட்டுமான வேலையிலும் வீட்டு வேலையிலும் ஈடுபட்டுள்ள உழைப்பாளர்களில் பலர் தெற்கு 24 பர்கானா மாவட்டக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். 2009 மே 25 அன்று ஐலா புயல் சுந்தரவனப் பகுதியின் கரைகளை உடைத்தபோது, அக்கிராமங்களில் கால்நடைகள் பெருமளவில் மடிந்தன. உயிர் தப்பியவற்றுக்கும் புல் இல்லை. மேய்ச்சல் வெளிகளில் உப்புநீர் ஏறிவிட்டது. நிலமற்ற குடும்பத்துக்கு ஓரிரு மாடுகளும் சில ஆடுகளுமே சேமிப்பு. அதை இழந்தவர்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குச் சென்றனர்.

பொது நிலத்தில் மேய்த்து வாழ்பவருக்கு அரசின் உதவி எந்த அளவுக்குச் சேர்கிறது என்பதே இங்கு எழும் கேள்வி.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு வகுத்த நெறிமுறைப்படி, இறந்த கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் வழங்கப்படும். ஒரு குடும்பத்துக்கு மூன்று மாடுகள் அல்லது முப்பது ஆடுகள் என்பதே உச்சவரம்பு. இழப்பை அதிகாரி சான்றளிக்க வேண்டும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தபோது தமிழக அரசும் இதே தொகைகளை அறிவித்தது.

ஆனால் ஊர் ஊராகச் சென்று கிடை போடும் கீதாரியின் நிலை என்ன? சொந்த ஊருக்கு வெளியே அவரது மந்தை வெள்ளத்தில் போனால், அந்த ஊரின் கிராம நிர்வாக அலுவலருக்கு அவர் அந்நியர். சொந்த ஊர் அலுவலரோ இழப்பைக் கண்ணால் கண்டவரல்லர். நூறு ஆடுகளை இழந்தாலும் முப்பதுக்கே கணக்கு. அந்த முப்பதுக்கும் சான்று பெறுவது பெரும்பாடு.

மானியத்தின் நிலை இதைவிட மோசம். தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் ஆட்டுப் பண்ணை அமைக்க ஐம்பது சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அதற்குச் சொந்த நிலமோ குத்தகை நிலமோ காட்ட வேண்டும். புறம்போக்கில் மேய்ப்பவரிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

அமெரிக்காவிலும் உடைமையே அளவுகோல். அங்கே மத்திய அரசு நிலத்தில் மேய்ப்பதற்கு, ஒரு பசுவுக்கும் கன்றுக்கும் மாதக் கட்டணம் 2019 முதல் 2025 வரை 1.35 டாலர் மட்டுமே. வறட்சியால் மேய்ச்சல் குறைந்தால் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோன்றிய திட்டத்தின் வழியே இழப்பீடும் உண்டு. விலங்கு சாகவேண்டியதில்லை, புல் காய்ந்தாலே போதும். உரிமச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கே அந்தக் குறைந்த கட்டணம். பெரிய மந்தை உடையவர் பெரும் பயனடைகிறார்.

இந்தியாவில் மேய்ப்பவரின் உரிமையே கேள்விக்குள்ளாகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஏற்கிறது. இடம்பெயர்ந்து மேய்ப்போரையும் அது உள்ளடக்குகிறது. ஆயினும் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக வனங்கள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அது தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. மேகமலைப் பகுதியில் மலைமாடு வளர்ப்போருக்கு இந்தச் சுருக்கத்தாலும் விடிவில்லை. அவர்களது மேய்ச்சல் காடு 2021இலேயே புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது.

உரிமை பதிவாகாத இடத்தில் இழப்பும் பதிவாவதில்லை. ஆகவே கோரிக்கைகள் தெளிவாக முன்வைக்கப்பட வேண்டும்.

முதலாவதாக, வன உரிமைச் சட்டப்படி மேய்ச்சல் உரிமைகளைக் கிராம சபைகள் வழியே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டாவதாக, இடம்பெயரும் மேய்ப்பருக்கு எந்த ஊரிலும் செல்லுபடியாகும் அடையாள அட்டை வழங்கி, இழப்பு நேர்ந்த இடத்திலேயே சான்றளிக்க வேண்டும்.

மூன்றாவதாக, மந்தையையே வாழ்வாதாரமாகக் கொண்டோருக்கு முப்பது ஆடுகள் என்ற உச்சவரம்பைத் தளர்த்த வேண்டும்.

நான்காவதாக, மேய்ச்சல் நிலம் அழிந்தால் புல் திரும்பும் வரை தீவன உதவி தொடர வேண்டும்.

ஐந்தாவதாக, நிலமற்றோரின் கூட்டுறவுகளுக்கு நில ஆவணம் கேட்காமல் மானியம் அளிக்க வேண்டும்.

விவசாயிகள் இயக்கமும் விவசாயத் தொழிலாளர் இயக்கமும் மேய்ப்பரைத் தனிச் சாதியின் தொழிலாளராக அல்ல, உழைக்கும் வர்க்கத்தின் பகுதியாகக் கருதி அணிதிரட்ட வேண்டும். அடுத்த புயலுக்குப் பிறகு பட்டியல் கேட்டு அலைவதைவிட, அதற்கு முன்பே கிராமந்தோறும் மேய்ப்பர் பட்டியலைத் தயாரித்து அரசிடம் அளிப்பதே இன்றைய முதற்பணி.