மோட்சம் கூலியா, கொடையா?

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கிறிஸ்தவ ஒன்றிப்பு மாலையில் ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் கோவில் கட்டிய கதையைப் பேசலாம், கொடிமரம் வந்த கதையைப் பேசலாம். பங்குத் தந்தை எனக்குக் கொடுத்த பொருளோ, பந்தலில் யாரும் பேச விரும்பாத பொருள். மனிதன் எப்படி மீட்படைகிறான் என்பதில் நமக்கும் பிரிந்த சகோதரர்களுக்கும் என்ன வழக்கு, அதில் இன்னும் தீராதது எது என்று சொல்ல வேண்டுமாம். “வாத்தியார் பேசினால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்” என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்.

இந்த வழக்கை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டவன். என் தகப்பனாரின் தங்கை, என் அத்தை, வடக்குத் தெருவில் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கிறிஸ்துமஸ் அன்று மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். வெற்றிலைத் தட்டு வந்ததும் தாத்தாவுக்கும் அவருக்கும் தொடங்கிவிடும். மாமா உரோமையர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை எடுப்பார்: மனிதன் நீதிமானாவது விசுவாசத்தால்தான், கிரியைகளால் அல்ல என்பார். தாத்தா யாகப்பர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுப்பார்: வெறும் விசுவாசம் செத்த விசுவாசம் என்பார். மாமாவுக்குப் ‘பவுல்’, தாத்தாவுக்குச் ‘சின்னப்பர்’. ஒரே ஆளின் பெயரில்கூட இருவரும் ஒத்துப்போகவில்லை! அத்தை காப்பி கொண்டுவரும்போதுதான் ஓயும்.

1958-இல் அத்தை இறந்தார். அப்போது எனக்குப் பத்து வயது. அவர்கள் கோவிலில்தான் அடக்க ஆராதனை. மற்றச் சபையாரின் வழிபாட்டில் நாம் பங்குகொள்ளக் கூடாதென்று இருந்த காலம் அது. என் தகப்பனார் கோவிலுக்குள் போகவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். சொந்தத் தங்கையின் பெட்டி வெளியே வந்தபின்தான் கூட நடந்தார். அன்றிரவு பாட்டி தாத்தாவிடம் கேட்டதை நான் பாயில் படுத்தபடி கேட்டேன்: “என் மகள் மோட்சம் போவாளா?” நிருபங்களை மனப்பாடமாகச் சொல்லும் தாத்தா பதில் சொல்லவில்லை.

பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் திண்ணை வழக்கு.

1517-இல் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய குரலில் நியாயமே இல்லை என்று நாம் சொல்ல முடியாது. உரோமையில் புனித இராயப்பர் பேராலயம் கட்டுவதற்காக ஞானப்பலன் பணத்துக்கு விற்கப்பட்டது உண்மை. 1562-இல் திரெந்து பொதுச்சங்கம் அந்த வசூல்காரர்களின் பதவியையே ஒழித்தது. 1567-இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் பணத்தோடு கட்டிய ஞானப்பலன்களை இரத்து செய்தார். நோய் இருந்ததனால்தானே மருந்து வந்தது?

ஆனால் லூத்தரின் உள்ளத்தை அரித்தது பணம் மட்டுமல்ல. எவ்வளவு தவம் செய்தாலும் கடவுளுக்குப் போதுமா என்ற அச்சம். கடவுள் நம் புண்ணியத்தைப் பார்த்து அல்ல, கிறிஸ்துவின் பொருட்டு இலவசமாக நம்மை ஏற்கிறார் என்று கண்டபோது அவருக்கு மூச்சு வந்தது. உரோமையர் நிருபத்தை மொழிபெயர்க்கையில் மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லையும் சேர்த்தார். இந்த ஒரு சொல்லின் மேல்தான் நானூறு ஆண்டு வழக்கு.

அவர் இறந்து பதினோரு மாதங்கள் கழித்து, 1547 சனவரி 13-ஆம் நாள், திரெந்து சங்கம் இதைப் பற்றித் தன் தீர்மானத்தை வெளியிட்டது. அதன் முதல் விதி யாரைக் கண்டிக்கிறது தெரியுமா? கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களாலேயே கடவுள்முன் நீதிமானாகலாம் என்பவனை! லூத்தரை அல்ல; நம்மில் பலரை. எத்தனை நவநாள், எத்தனை பூசை என்று கணக்கு வைத்து, கோவிலுக்குக் கொடுத்த மின்விசிறியின் இறக்கையில் பெயர் எழுதி, அதற்குப் பதிலாக மோட்சத்தில் ஓர் இடம் எதிர்பார்க்கிறோமே, அது கத்தோலிக்கப் போதனையே அல்ல. மற்றவர்கள் நம்மைக் குறை சொல்வதற்கு நாம்தான் இடம் கொடுத்தோம்.

நம் பாட்டிமார் சொன்ன பழைய மங்கள வார்த்தை செபத்தில் ‘பிரியதத்தம்’ என்று ஒரு சொல் உண்டு. இப்போது ‘அருள்’ என்கிறோம். பிரியத்தோடு தரப்பட்டது என்பது அதன் பொருள். கூலிக்கு யாரும் பிரியதத்தம் என்று பெயர் வைப்பதில்லை. ஐம்பத்து மூன்று மணி செபமாலையில் ஐம்பத்து மூன்று முறை இதைச் சொல்லிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து நாம் வேறு கணக்குப் பேசினோம்.

அந்தப் பக்கத்துக்கும் ஒரு சொல். விசுவாசம் போதும் என்றால் இஷ்டம்போல் நடக்கலாம் என்று லூத்தர் சொன்னதாக நாம் ஞானோபதேச வகுப்பில் படித்தோம். அவர் அப்படிச் சொல்லவில்லை. உயிருள்ள விசுவாசம் நற்செயல் செய்யாமல் சும்மா இருக்கவே இருக்காது என்றுதான் அவரும் எழுதினார். தமிழ்நாட்டில் தரங்கம்பாடி மிஷனரிமாருக்கும் நம் வீரமாமுனிவருக்கும் நடந்த ஏட்டுப் போரைப் பாருங்கள். அவர்கள் ‘திருச்சபை பேதகம்’ எழுதினார்கள். இவர் ‘பேதகம் மறுத்தல்’ எழுதினார். தமிழுக்கு நல்ல உரைநடை கிடைத்தது. ஒற்றுமை கிடைக்கவில்லை.

இந்த வழக்கில் சமாதானம் வந்தது 1999 அக்டோபர் 31-ஆம் நாள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொண்ட விசுவாசத்தால் நாம் ஏற்கப்படுகிறோம். அந்த அருளே நம்மை நற்செயலுக்கு அனுப்புகிறது என்பது அதன் சாரம். இந்த அறிக்கையில் கண்டபடி போதிப்பவரைப் பதினாறாம் நூற்றாண்டின் கண்டனங்கள் தொடமாட்டா என்றும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. எளிதில் நடந்துவிடவில்லை. ஜெர்மனியில் நூற்றுக்கு மேற்பட்ட புராட்டஸ்தாந்து பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். உரோமையும் 1998-இல் சில ஐயங்களை எழுப்பியது. நீதிமானாக்கப்பட்டவன் இன்னும் பாவியே என்று லூத்தர் சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்பது அவற்றில் ஒன்று. விளக்க இணைப்பு ஒன்று சேர்த்த பிறகே கையொப்பம். 2006-இல் மெதடிஸ்துகளும், 2017-இல் சீர்திருத்த சபைகளும் சேர்ந்துகொண்டார்கள். இடையில் 2016-இல் ஆங்கிலிக்கன் ஆலோசனை மன்றமும் இதன் சாரத்தை வரவேற்றது. தாத்தாவும் மாமாவும் இதைப் பார்க்க இருந்திருந்தால், வெற்றிலை போடும் நேரத்தில் என்ன பேசுவது என்று திகைத்திருப்பார்கள்!

இனி பாட்டியின் கேள்வி. திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்பது பழைய போதனை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஃபீனி என்ற சேசு சபைக் குரு, கத்தோலிக்கராய் இல்லாத எவரும் மீட்படைய மாட்டார் என்று போதித்து வந்தார். 1949 ஆகஸ்டு 8-ஆம் நாள் உரோமை அதைத் திருத்திக் கடிதம் எழுதியது. அறியாமையால் வெளியே இருப்பவரும், உள்ளத்தில் இறைவனின் சித்தத்தை நாடி, விசுவாசத்தோடும் அன்போடும் வாழ்ந்தால், அந்த ஆசையாலேயே திருச்சபையோடு சேர்ந்தவராகலாம் என்றது. உரோமைக்கு அழைத்தும் ஃபீனி போகவில்லை. 1953-இல் அவரே திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். 1972-இல்தான் மீண்டும் ஒப்புரவானார். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்னும் ஓர் அடி சென்று, பிரிந்த சபைகளையும் தூய ஆவியார் மீட்பின் கருவியாகப் பயன்படுத்துகிறார் என்று சொன்னது.

தேதியைக் கவனியுங்கள். அத்தை இறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே உரோமை எழுதிவிட்டது. அந்தக் கடிதம் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. பாட்டி 1963-இல் கண்ணை மூடினார். அதுவரை அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

இதைக் கேட்டு எல்லாச் சபையும் ஒன்றுதான் என்று யாரும் எழுந்து போக வேண்டாம். திருச்சபையின் அவசியத்தை அறிந்தும் வேண்டுமென்றே விலகுபவருக்கு அதே சங்கம் எச்சரிக்கையும் தந்திருக்கிறது. அத்தை என்ன அறிந்திருந்தார் என்று தீர்ப்பிட நான் யார்? நற்கருணையிலும், குருத்துவத்திலும், பாப்பரசரின் அதிகாரத்திலும், தேவமாதாவைப் பற்றியும் வேற்றுமைகள் உண்மையாகவே இருக்கின்றன. இன்று மேடையில் கூடி அமர்ந்திருக்கிறோம். ஒரே பந்தியில் நற்கருணை உட்கொள்ள இன்னும் முடியவில்லை. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் இரு தரப்பாரும் சேர்ந்து உழைத்தார்கள். ஆனால் இறந்தோருக்காகச் செபிப்பதைச் சொல்லும் மக்கபேயர் நூல் நமக்குத் திருநூல், அவர்களுக்கு அப்படியில்லை.

சென்ற கல்லறைத் திருநாளன்று நம் தோட்டத்தில் மந்திரிப்பு முடிந்தபின், ஒரு மெழுகுதிரியோடு வடக்குத் தெருக் கல்லறைக்குப் போனேன். அத்தை மகன் எனக்கு முன்பே வந்து புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். “இறந்தவங்களுக்கு நாங்க ஜெபம் பண்றதில்லை அத்தான், உங்களுக்குத் தெரியுமே” என்றார். “தெரியும் மாப்பிள்ளை. நீங்க புல்லைச் செதுக்குங்க, நான் செபம் சொல்லிக்கிடுதேன்” என்றேன். காற்றில் திரி இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை அவர் களைக்கொத்தியைக் கீழே வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை விரித்து, நான் சொல்லி முடிக்கும்வரை காற்றை மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.