6 என்ற எண்ணைப் பாருங்கள்

 

இன்று ஒரு சின்னக் கருவியைப் பற்றிப் பேசுவோம். அது தெர்மாகோலை வெட்டும் சூட்டுக் கம்பி வில். வீட்டிலேயே செய்யலாம். ஆனால் ஒரு எண்ணைப் படிக்காமல் செய்தால் உயிருக்கே ஆபத்து.

தெர்மாகோல் எது? டி.வி. வாங்கினால் பெட்டிக்குள் வெள்ளையாக இருக்குமே, அதுதான். நெல்லைப் பொரித்தால் பொரியாக உப்பும் அல்லவா? அதுபோல், சின்னப் பிளாஸ்டிக் மணிகளை உப்ப வைத்து ஒட்டினால் தெர்மாகோல். 100 பங்கில் சுமார் 98 பங்கு காற்று. அதனால்தான் அவ்வளவு லேசு. கத்தியால் வெட்டினால் மணி மணியாக உதிரும். சூடான கம்பி பட்டால் இளகி வழி விடும். வெட்டு வழுவழுப்பாக இருக்கும்.

விஜயபுரம் மண்டலத்தில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம். பையன் எட்டாம் வகுப்பு. பள்ளியில் கண்காட்சி. நகரி மூக்கு மலையைப் பழைய தெர்மாகோலில் செய்ய அவனுக்கு ஆசை. மாமா உதவிக்கு வந்தார். கையில் ஒன்றரை அடி ஹீட்டர் கம்பி.

"அக்கா, இதன் இரண்டு முனையையும் பிளக்கில் சொருகினால் போதும். நன்றாகச் சூடாகும்" என்றார்.

அம்மா மாலை வகுப்பில் எழுத்தும் எண்ணும் கற்றவர்.

"பொறு தம்பி. வீட்டுக் கரண்ட் எத்தனை வோல்ட்?"

"230."

"இந்தக் கம்பிக்கு எத்தனை வேண்டும்?"

மாமாவுக்குப் பதில் தெரியவில்லை.

பதில் இதுதான். 6 வோல்ட் போதும்.

ஹீட்டர் கம்பிக்கு நிக்ரோம் என்று பெயர். நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். இது கரண்டை எளிதில் விடாது. தடுக்கும். அந்தத் தடையால்தான் சூடாகிறது. ஒன்றரை அடி நீளம், 0.4 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியில் 6 வோல்ட் கொடுத்தால் சுமார் ஒன்றரை ஆம்பியர் கரண்ட் ஓடும். தெர்மாகோல் வெட்ட அந்தச் சூடு சரி. அதே கம்பியை 230 வோல்ட்டில் சொருகினால் 50 ஆம்பியருக்கு மேல் பாயும். கம்பி நொடியில் உருகித் தெறிக்கும். கை பட்டால் உயிர் போகும்.

அந்த 6 வோல்ட்டை எங்கே எடுப்பது? எமர்ஜென்சி விளக்கின் பேட்டரியில் எடுக்கலாம். ஆனால் எல்லாப் பேட்டரியும் 6 அல்ல. 4 உண்டு. 12 உண்டு. மேலே எழுதியிருப்பதைப் பாருங்கள். எழுத்து ஆங்கிலமாக இருக்கும். பயப்பட வேண்டாம். எண் நமக்குத் தெரிந்த எண்தான். எண்ணுக்குப் பக்கத்தில் கூரையைக் கவிழ்த்தது போல ஓர் எழுத்து இருந்தால் அது வோல்ட். நிமிர்ந்த கூரைக்கு நடுவே ஒரு கோடு இருந்தால் அது ஆம்பியர்.

இனி செய்முறை.

1. வளையும் மூங்கில் பட்டை ஒன்று எடுங்கள். இரண்டு முனையிலும் துளை போட்டு, சின்ன போல்ட், நட் மாட்டுங்கள்.

2. பட்டையை வில்லாக வளையுங்கள். நிக்ரோம் கம்பியை நாணாகக் கட்டுங்கள். சூடானால் கம்பி நீளும். மூங்கில் நிமிர்ந்து அதை இழுத்துப் பிடிக்கும்.

3. இரண்டு போல்ட்டிலிருந்தும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒயரைப் பேட்டரிக்குக் கொண்டு போங்கள். நடுவில் காலிங் பெல் சுவிட்ச் வையுங்கள். விரலை எடுத்தால் கரண்ட் நின்றுவிடும்.

4. இணைப்புகளுக்கு டேப் சுற்றுங்கள். பேட்டரியின் இரண்டு முனையும் ஒன்றோடு ஒன்று தொடக் கூடாது.

வெட்டும்போது அழுத்தாதீர்கள். மெதுவாக நகர்த்துங்கள். கம்பி சிவக்கக் கூடாது. சிவந்தால் சூடு அதிகம். புகை வரும், தெர்மாகோல் தீப்பிடிக்கலாம். உடனே விரலை எடுங்கள். சிவக்காத கம்பியும் சுடும். அணைத்த பிறகும் சிறிது நேரம் தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

மூடிய அறையில் வெட்டாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் வெட்டுங்கள். அந்தப் புகை கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. மெத்தை ஃபோமையும் பி.வி.சி. குழாயையும் இந்தக் கம்பியால் வெட்டவே கூடாது. அவை கருகினால் வருவது நச்சுப் புகை.

இன்னொரு செய்தி. அலங்காரத்துக்கான தெர்மாகோலை 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதும் அரசு தடை செய்தது. செய்வதும், விற்பதும், பயன்படுத்துவதும் கூடாது. காரணம், அது மண்ணில் மக்குவதில்லை. சாக்கடையை அடைக்கும். மாடு தின்னும். ஆகவே கல்யாணப் பந்தலுக்கு மாவிலைத் தோரணமும் தென்னங்குருத்தும் இருக்கின்றன. தஞ்சாவூரில் நெட்டித் தண்டைச் செதுக்கி அழகிய பொருள்கள் செய்கிறார்கள். அதற்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நமது வில், பெட்டியோடு வந்த பழைய துண்டுகளில் பள்ளி மாதிரிகள் செய்வதற்கு மட்டும் போதும். மிஞ்சிய துண்டுகளை எரிக்காதீர்கள். சேர்த்து வைத்துக் குப்பை வண்டியில் போடுங்கள்.

அந்த வீட்டில் என்ன நடந்தது? அம்மா பேட்டரியைத் திருப்பிப் பார்த்தார். "6" என்று உரக்கப் படித்தார். மாமா கம்பியை மூங்கிலில் கட்டினார். பையன் அடுக்கடுக்காக வெட்டி ஒட்டினான். திண்ணையில் நகரி மூக்கு எழுந்து நின்றது.

நாம் கற்ற எழுத்து கையெழுத்துப் போட மட்டும் அல்ல. பேட்டரி, மருந்து பாட்டில், பூச்சிமருந்து டப்பா எதுவானாலும் கையில் எடுத்தால் முதலில் அதில் எழுதியதைப் படிப்போம். பிறகு வேலையைத் தொடங்குவோம்.