விமானியின் நித்திரையும் கணிதரின் கடமையும்



கணிதத்திலும் கணினி இயலிலும் தேர்ச்சி பெற்றவர்களுக்கு உரை நிகழ்த்தும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். பொதுவான உபதேசங்களை நீங்கள் வேண்டிய அளவு கேட்டிருப்பீர்கள் ஆதலால், உங்கள் வித்தை நேரே சென்று தொடும் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் பேச அனுமதி கோருகிறேன். ஆகாய விமானத்தைச் செலுத்துகிறவர்களின் களைப்பும், அந்தக் களைப்பை உண்டாக்கவும் தவிர்க்கவும் வல்லதான பணி அட்டவணையுமே அந்த விஷயம்.

ஒரு பெரிய விமானக் கம்பெனி மாதந்தோறும் நடத்தும் ஆயிரக்கணக்கான பயணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேப்டனையும் ஒரு துணை விமானியையும் நியமித்தாக வேண்டும். அவர்கள் அந்த ரக விமானத்தை ஓட்டத் தகுதி பெற்றவர்களாகவும், சட்டம் விதித்த நேர வரம்புக்கு உட்பட்டவர்களாகவும், கடைசியில் தம் சொந்த ஊர்த் தளத்துக்கே வந்து சேருகிறவர்களாகவும் இருக்க வேண்டும். இவ்வளவும் நிறைவேறிய பின் செலவு மிகக் குறைவாகவும் இருக்க வேண்டும். பயணங்களைச் சங்கிலியாகக் கோப்பதைப் பெயரிங் என்றும், கோத்ததை ஆளுக்கு ஆள் பங்கிடுவதை ரோஸ்டரிங் என்றும் தொழிலில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். கோக்கக்கூடிய சங்கிலிகள் கோடிகளைக் கடந்து செல்வதால் எல்லாவற்றையும் எழுதிப் பார்ப்பது மனித சக்திக்கும் இயந்திர சக்திக்கும் அப்பாற்பட்டது; தேவையானவற்றை மட்டும் தேவையானபோது பிறப்பித்துக்கொள்ளும் உபாயத்தைக் கணித அறிஞர்கள் கண்டார்கள். எரிபொருளுக்கு அடுத்தபடியான பெருஞ்செலவுகளில் ஒன்று விமானப் பணியாளருக்கு ஆகும் செலவு. அதில் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினாலும் அது பெரும் திரவியம். அழகிய கணிதம் இது. இதை இகழ நான் வரவில்லை.

ஆனால் இந்தக் கணிதத்தில் விமானியின் ஓய்வு, இத்தனை மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்ற ஒரு கட்டுப்பாடாக மட்டுமே பிரவேசிக்கிறது. நேரிய திட்டமிடல் படித்த உங்களுக்கு அடுத்து என்ன நேரும் என்பது தெரியும்: உகமத் தீர்வு எல்லைக்கோட்டின் மூலையில் போய் நிற்கும். எந்த மனிதரும் தீய எண்ணம் கொள்ளாமலே, சட்டம் கடைசி வரம்பாக வைத்தது அன்றாட வழக்கமாகிவிடுகிறது.

அந்த வரம்பை ஒரு மனிதனின் உடம்போடு வைத்துப் பாருங்கள். இரவெல்லாம் விமானம் ஓட்டி, காலை ஆறு மணிக்கு ஒருவர் பணி முடிக்கிறார். மாலை ஆறுக்கு மறுபடியும் ஆஜராக வேண்டும். காகிதத்தில் 12 மணி நேர ஓய்வு. விமான நிலையத்தை விட்டு வெளியேறி, காலை நேர நெரிசலில் ஹோட்டல் போய்ச் சேர ஏழரை ஆகிறது. குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுக்கும்போது எட்டரை. திரைச்சீலையின் இடுக்கில் வெயில். தாழ்வாரத்தில் அறை துப்புரவு செய்கிறவர்களின் தள்ளுவண்டிச் சத்தம். எல்லாவற்றையும் விட, பகல் வந்துவிட்டது என்று விழித்தெழச் சொல்லும் உடம்பின் உள்கடிகாரம். பன்னிரண்டு மணிக்கு மேல் தூக்கம் பிடிப்பதில்லை. நாலரைக்கு வண்டி வாசலில் நிற்கும். பன்னிரண்டில் உறங்கியது மூன்றரை. அட்டவணையில் எங்கும் பிழை இல்லை.

1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் தேதி கியூபாவின் குவாண்டனமோ விரிகுடாவில் இறங்க முயன்ற டி.சி.-8 சரக்கு விமானம் ஒன்று ஓடுபாதைக்கு அருகே தரையில் மோதி நொறுங்கியது. அதிலிருந்த மூவரும் காயங்களோடு உயிர் தப்பியதனால், அவர்கள் வாயாலேயே நடந்ததை அறியும் வாய்ப்பு விசாரணையாளருக்குக் கிட்டியது. கேப்டன் அப்போது இருபத்துமூன்றரை மணி நேரமாக விழித்திருந்தார். இரவுப் பணியை முடித்தவர்கள் தலையில் மேலும் ஒரு பயணம் சுமத்தப்பட்டிருந்தது. இறங்கிய பின் விமானத்தைக் காலியாகத் திருப்பி ஓட்டி வர வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. காலி விமானம் ஓட்டும் நேரம் அக்காலச் சட்டத்தின் கணக்கில் சேராது. கடைசி நிமிஷங்களில் கேப்டனின் கவனம் கண்ணில் படாத ஒரு விளக்கிலேயே சிக்கிக் கிடந்தது; வேகம் குறைந்துகொண்டே வந்ததைக் கூட இருந்தவர்கள் சொல்லியும் அது அவர் மனத்தில் பதியவில்லை. அந்நேரம் தம்மைச் சோர்வும் அலட்சிய பாவமும் ஆட்கொண்டிருந்ததாக அவரே பின்னர் சாட்சியம் சொன்னார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு விமான விபத்துக்குக் களைப்பையே காரணமாகக் குறித்தது அதுவே முதல் தடவை.

நம் தேசத்திலோ, 2010ஆம் ஆண்டு மே 22ஆம் தேதியை மறக்க முடியாது. துபாயிலிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், காலை ஆறு மணி கடந்த சில நிமிஷங்களில், குன்றின் உச்சியைச் சமன்படுத்தி அமைத்த மங்களூர் ஓடுபாதையில் இறங்கியது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மேற்பட்ட ஒலிப்பதிவில் முதல் ஒரு மணி நாற்பது நிமிஷம் கேப்டனின் பேச்சே இல்லை. கேட்டது குறட்டையும் ஆழ்ந்த மூச்சும். விழித்தவர் முழுத் தெளிவு பெறுமுன்பே இறக்கத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. விமானம் வேண்டிய உயரத்துக்கு மேலே இருந்தது. இறங்காமல் மேலெழும்பிவிடுமாறு துணை விமானி மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டார். 8,033 அடி நீள ஓடுபாதையில் சுமார் 5,200 அடி கழிந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. 166 பேரில் பிழைத்தவர் எட்டுப் பேர். ஏர் மார்ஷல் கோகலே தலைமையில் அமைந்த விசாரணை மன்றம், உறுதிப்படாத அந்த இறக்கத்தைக் கைவிடாமையே விபத்தின் நேர்க் காரணம் என்றும், நீண்ட உறக்கத்திலிருந்து விழித்ததும் அறிவைக் கவ்வி நிற்கும் மந்த நிலை அதற்குத் துணையாயிற்று என்றும் கண்டது. அவர் ஏன் உறங்கினார் என்று அந்த மனிதரை நிந்திப்பது எளிது. அதிகாலை இரண்டு முதல் ஆறு வரை மனித உடம்பு எந்தச் சங்கற்பத்துக்கும் கட்டுப்படாமல் உறக்கத்தை நாடும் நேரம் என்பதை அறிந்தவர்கள், நிந்தனையோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள்.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது ஏறியவருடைய திறனுக்குத் தாழ்ந்துவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 1997இல் காட்டினார்கள். நம் நாட்டில் கார் ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03. பணிக்கு வரும் விமானியை ஊதச் சொல்லி மதுவைச் சோதிக்கிறோம், அது நியாயமே. களைப்பை அளக்க ஊதிப் பார்க்கும் கருவி எதுவும் இல்லை. களைத்தவரைக் கேட்டறியலாம் என்றாலோ, தம் களைப்பின் அளவை மதிப்பிடும் ஆற்றலே களைப்பினால் முதலில் பழுதாகிறது. ஆகையால்தான் அவருக்காக முன்கூட்டியே சிந்திக்க வேண்டிய பொறுப்பு அட்டவணை வகுப்பவரைச் சேருகிறது.

சட்டங்கள் தாமாகத் திருந்தவில்லை. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரருகே ஒரு விமானம் விழுந்து ஐம்பது பேர் மாண்டார்கள். அதன் துணை விமானி, பணி தொடங்கும் நியூவார்க் நகரை அடைவதற்காக, முந்தைய இரவு முழுவதும் நாட்டின் மறுகோடியிலிருந்து பிரயாணம் செய்து வந்திருந்தார். இறந்தவர்களின் குடும்பத்தார் ஆண்டுக்கணக்கில் வாஷிங்டன் படியேறி வாதாடியதன் பயனாகவே 2014 ஜனவரியில் புதிய ஓய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன. சரக்கு விமானிகளை மட்டும் அவ்விதிகள் விலக்கி வைத்தன. அந்த விலக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. 2013 ஆகஸ்டில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் விழுந்து இறந்த சரக்கு விமானிகள் இருவரும் தங்கள் கடைசிப் பயணத்துக்கு முன் அதைப் பற்றியே ஆதங்கத்தோடு பேசிக்கொண்டது பதிவாகியிருக்கிறது. பெட்டி சுமக்கிறவனுக்கு வேறு உடம்பு, மனிதரைச் சுமக்கிறவனுக்கு வேறு உடம்பு என்று எந்த வைத்திய சாஸ்திரமும் சொல்லவில்லை.

இந்தியாவில் 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. இரவு என்பதைக் காலை ஆறு வரை நீட்டின. இரவில் இறங்கும் தடவைகளை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தன. கம்பெனிகளின் ஆட்சேபங்களால் தாமதித்து, நீதிமன்ற வழக்குக்குப் பிறகே அவை இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன; இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் அமலாயிற்று. அடுத்த மாதமே இண்டிகோ நிறுவனத்தின் பயணங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, விமான நிலையங்களில் மக்கள் பெட்டிகளின் மேல் படுத்துக் கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய துன்பம் மெய்யானது. ஆயினும் அதைத் தீர்க்க அரசு கையாண்ட வழி, அந்நிறுவனத்துக்கு இரவு விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு அளித்ததே. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்ட ஒரு விதிக்குப் போதிய ஆட்களைச் சேர்த்து வைக்காத குறை, கடைசியில் விமானியின் இரவு உறக்கத்திலிருந்து ஈடு செய்யப்பட்டது என்பது எனக்கு மிகுந்த வேதனையளிக்கிறது.

இளைஞர்களே, உங்களில் சிலர் இத்தகைய அட்டவணைகளை வகுக்கும் மேசைகளில் அமரப் போகிறீர்கள். விமானம் இல்லாவிட்டால் ரயில் எஞ்சின் ஓட்டுநருக்கோ ஆஸ்பத்திரி நர்ஸுக்கோ வகுப்பீர்கள். நீங்கள் எழுதும் நிரலில் ஓய்வை ஒரு தாழ்ந்த வரம்பாக மட்டும் வைக்காமல், உறங்கக்கூடிய உண்மையான நேரத்தைக் குறிக்கோள் சார்பிலேயே சேர்த்து எழுத முடியும். அதற்கான உடலியல் கணக்குகள் இன்று இருக்கின்றன. புதிய விதிகளின்படி, விமானிகள் தரும் களைப்புப் புகார்களையும் அவற்றின்மேல் எடுத்த நடவடிக்கையையும் ஒவ்வொரு கம்பெனியும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த அறிக்கைகளைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். எந்தப் பயணச் சங்கிலியைப் பற்றிப் புகார் அடிக்கடி வருகிறதோ, அந்தச் சங்கிலியில் விமானம் ஓட்டிய ஒருவரோடு உட்கார்ந்து, எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்து, அதன் பிறகு உங்கள் சமன்பாட்டைத் திறவுங்கள்.