விவாகரத்தும் வீடியோ கேமும்: நாம் சொல்லும் கணக்கு சரிதானா?



ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு அல்குர்ஆனின் 49ஆவது அத்தியாயம், 6ஆவது வசனம் கட்டளையிடுகிறது. அறியாமல் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் நாம் வருந்த நேரிடக் கூடாது என்பதே அதன் காரணம். புள்ளிவிவரமும் ஒரு செய்திதான்.

2018இல் இங்கிலாந்திலிருந்து ஒரு கணக்குப் பரவிற்று. ஃபோர்ட்நைட் என்னும் வீடியோ கேம் 200 குடும்பங்களைப் பிரித்துவிட்டது என்றார்கள். நானும் அதை ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் எடுத்துச் சொன்னேன். அதைக் கேட்ட ஒரு தந்தை, மாப்பிள்ளை கேம் விளையாடுபவர் என்றறிந்து, பேசி முடித்த சம்பந்தத்தையே நிறுத்திவிட்டார். அதன் பிறகுதான் நான் விசாரித்தேன்.

விவாகரத்து மனுக்களைத் தயாரித்துக் கொடுக்கும் ஓர் இணைய நிறுவனம், அவ்வாண்டின் தொடக்கம் முதல் தான் கையாண்ட 4,665 மனுக்களில் 200இல், ஃபோர்ட்நைட் உள்ளிட்ட ஆன்லைன் விளையாட்டுகள் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டிருந்தன என்றது. சுமார் 5 விழுக்காடு என்றும் சொன்னது. வகுத்துப் பாருங்கள், 4.3தான் வரும். அது போகட்டும். 'உள்ளிட்ட', 'காரணங்களுள் ஒன்று' என்னும் சொற்கள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. 2022 ஏப்ரல் வரை அந்நாட்டில், பிரிந்து வாழ்ந்து ஆண்டுக்கணக்கில் காத்திராமல் விவாகரத்துக் கோருபவர், துணைவரின் குற்றத்தை எழுதியே ஆக வேண்டும். எனவே பல குறைகளை அடுக்குவது வழக்கம். அவற்றுள் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, மணம் முறிந்ததே இதனால்தான் எனலாமா? விளையாடியும் இணக்கமாக வாழ்வோர் எந்த மனுவிலும் இடம்பெறுவதில்லையே!

2012இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 349 தம்பதியரை ஆராய்ந்தார்கள். விளையாடுவோரின் துணைவர்களில் 75 விழுக்காட்டினர், விளையாட்டைக் குறைத்து இல்லறத்தில் அக்கறை காட்ட வேண்டும் என விரும்பினர். இருவருமே விளையாடும் தம்பதியரிலோ 76 விழுக்காட்டினர், அது தங்கள் உறவுக்கு நன்மை செய்வதாகக் கூறினர். ஒரே ஆய்வு, வேண்டிய எண்ணை எவரும் எடுத்துக்கொள்ளலாம்! விளையாடும் நேரத்தைவிட, அதனால் எழும் சச்சரவும், ஒன்றாக உறங்கச் செல்ல இயலாமையுமே மனக்குறைக்குக் காரணம் என்பதே ஆய்வாளர் கண்ட முடிவு.

இதைக் கேட்டு விளையாடும் கணவன்மார் பெருமூச்சு விட வேண்டாம். புகாரீயில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்கு ஸல்மான் (ரலி) அவர்கள் சென்றபோது, உம்முத்தர்தா அவர்கள் அலங்காரமின்றி இருக்கக் கண்டு காரணம் கேட்டார்கள். கணவருக்கு உலகில் நாட்டமே இல்லை என்று பதில் வந்தது. அவரை ஈர்த்துவைத்திருந்தது கேளிக்கையன்று. பகலில் நோன்பு, இரவில் தொழுகை! மனைவிக்கும் உரிமை உண்டு என்று உணர்த்திய ஸல்மான் (ரலி) அவர்கள், அன்றிரவு அவரை உறங்கச் செய்து, இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பினார்கள், இருவரும் தொழுதார்கள். இதை அறிந்த நபி (ஸல்) அவர்கள், ஸல்மான் கூறியது உண்மையே என்றார்கள்.