சாரத்தின் மேல் நிற்பவரின் சித்தம்

இன்று கட்டடப் பொறியியலில் பட்டம் பெறும் இளைஞர்களே, யுவதிகளே!

நாளை நீங்கள் அடியெடுத்து வைக்கப்போகும் வேலைத்தலங்களில், தலைக்கவசமும் பெல்ட்டும் அணிந்தாயிற்றா என்று விசாரிக்கும் வழக்கம் ஓரளவு வந்துவிட்டதாயினும், அவற்றை அணிந்தவரின் சித்தம் எந்நிலையில் இருக்கிறது என்று விசாரிப்பார் இல்லையே என்பது என் நெடுநாளைய விசனம்.

கலவைச் சட்டியைத் தலையில் ஏந்திச் செல்லும் சித்தாள் ஒருத்தி, சாய்தளத்தின் உச்சியில் நிற்கும் மேஸ்திரியின் ஆபாசப் பேச்சுக்கு அஞ்சி, கைப்பிடியுள்ள அவ்வழியை விடுத்து, தடுப்பில்லாத லிப்ட் குழியின் ஓரமாகச் சுற்றிப் போகையில் கால் இடறி விழுவாளாயின், அதனைக் 'கவனக்குறைவு' என்று விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுவது எத்தகைய அநீதி! அவளுடைய கவனத்தை அபகரித்தவன் பெயர் அந்த ஏட்டில் எங்கும் இராது. கழிப்பிடத்துக்குப் போகும் வழியில் கேலிக்கு ஆளாக நேருமே என்று, சித்திரை வெயிலிலும் தண்ணீர் அருந்தாமல் உழைத்து மயங்குகிற பெண்களின் நிலையும் இதுவே.

வசவு செய்யும் கேடும் அற்பமன்று. நாலரை மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு 7 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாளும் கழியுமுன் முட்டுகளைப் பிரிக்கலாகாது என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநெறி ஐ.எஸ். 456 விதிப்பதை நீங்கள் மனப்பாடமாக அறிவீர்கள். ஆயின், நேற்றுக் கேட்ட ஒரு கேள்விக்காகப் பலர் முன்னிலையில் ஜாதியும் மொழியும் சொல்லி இகழப்பட்ட வெளிமாநிலத் தொழிலாளி, "ஐயா, இன்னும் நாள் ஆகவில்லையே" என்று இன்று வாய் திறப்பானா? கிரேனுக்குச் சைகை காட்டுபவன் கைப்பேசியில் ஆழ்ந்திருந்தால் கடிந்துகொள்கிறோம், அது நியாயமே. அவமானத்தில் ஆழ்ந்தவனின் கண்ணும் கொக்கியை விட்டு விலகிவிடுகிறது என்பதை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

பெண்களைப் பொறுத்தவரை, பணியிடத்தில் நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க விசாகா வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. 2013-இல் சட்டமே வந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் தினக்கூலிக்கு வந்தவளும் அதன் பாதுகாப்புக்கு உரியவள். 10 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடமாயின் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். எழுத இயலாதவளின் புகாரை எழுத்தில் கொணர உதவுவதும் குழுவின் கடமை. இவற்றைச் சித்தாளுக்கு எடுத்துச் சொல்ல உங்களையன்றி அங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

காலையில் வேலை தொடங்குமுன் அனைவரையும் கூட்டிப் பேசும் சில நிமிஷங்களில், கயிற்றையும் பலகையையும் பற்றிச் சொல்லும் அதே குரலில், ஒருவரை ஒருவர் இழிவுபடுத்தலாகாது என்பதையும் சொல்லுங்கள். முறையீடு வந்தால், முறையிட்டவளை வேறிடத்துக்கு மாற்றாமல், மேஸ்திரி எவ்வளவு கைதேர்ந்தவராயினும் அவரை விலக்கி வைத்து விசாரியுங்கள். வேலை தாமதப்படுகிறதென்று ஒப்பந்தக்காரர் வருந்துவாராயின், பழுதுற்ற சாரத்தைப் பிரித்துக் கட்டும் தாமதத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறாரோ, அந்தக் கணக்கிலேயே இதனையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.