சங்கிலியை அவிழ்ப்போம், சிகிச்சைக்கு அழைத்துச் செல்வோம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

சற்று முன்னர் ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. நடைபெற்ற நிக்காஹ்கள், அடக்கம் செய்யப்பட்ட ஜனாஸாக்கள், வரவு செலவு அனைத்தும் கூறப்பட்டன. ஆயினும் எந்த ஜமாஅத்தின் அறிக்கையிலும் இடம்பெறாத கணக்கு ஒன்று உண்டு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மஹல்லாக்களில் எத்தனை வீடுகளின் பின்கட்டு அறைகளில், விருந்தாளி வரும்போது கதவு சாத்தப்படும் ஒரு மகனோ மகளோ இருக்கிறார்கள் என்னும் கணக்கே அது.

காய்ச்சல் வந்தால் தெருவுக்கே சொல்கிறோம். சர்க்கரை நோயை மேடையிலேயே பேசுகிறோம். ஆனால் வளைகுடாவிலிருந்து திரும்பிய பிள்ளை உறக்கமின்றித் தனியே பேசத் தொடங்கினாலோ, பிள்ளை பெற்ற பெண் குழந்தையைத் தொடாமல் சுவரைப் பார்த்து அமர்ந்துவிட்டாலோ, முதலில் வீட்டின் வாசலைத்தான் அடைக்கிறோம். அடுத்ததாகத் தாயத்து; பிறகு செய்வினை எடுப்பவர்; அதன் பிறகு ஏர்வாடிக்குப் பயணம். மருத்துவரிடம் செல்லும்போது பெரும்பாலும் ஆண்டுகள் பல கடந்துவிடுகின்றன.

ஏர்வாடி என்றதும் நாம் மறக்கக்கூடாத ஒரு நாள் நினைவுக்கு வரவேண்டும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திவந்த மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்களுள் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட வழியிருந்தும் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர். பெற்றோரும் உடன்பிறந்தோருமே ஆவர். குணமாகட்டும் என்ற ஆசையோடு விட்டவர்களும் உண்டு. கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று விட்டவர்களும் உண்டு. இரு சாராரின் பிள்ளைகளையும் அந்தச் சங்கிலி ஒன்றாகவே பிடித்து வைத்திருந்தது.

அந்நிகழ்வுக்குப் பின் அத்தகைய காப்பகங்கள் அங்கே மூடப்பட்டன. அவற்றில் இருந்த நூற்றுக்கணக்கானோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்து, நோயாளிகளைச் சங்கிலியிடுவது தவறென மக்களுக்கு அறிவுறுத்தும்படி அரசுகளுக்கு ஆணையிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியிடுதலைத் தடை செய்துவிட்டது. மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும் அச்சட்டம் கூறுகிறது.

சகோதரர்களே! இது ஓரிரு வீடுகளின் துன்பமன்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், வயது வந்தோருள் 100 பேருக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பது தெரியவந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை. அப்படியானால் ஜும்ஆவுக்கு நிற்கும் ஒவ்வொரு ஸஃப்பிலும் இந்த நோயைச் சுமப்பவர் இருக்கக்கூடும். வெளியே சொல்ல நாம் இடம் தரவில்லை; அவ்வளவே.

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்குவது. காதில் குரல் கேட்பதும், தன்னைக் கொல்ல வருகிறார்கள் என அஞ்சுவதும் அதன் அடையாளங்கள். பிள்ளை படித்து முடித்து, குடும்பம் அவனை நம்பி நிற்கும் வேளையில் அது வருவதால், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. உண்மையில் அது மூளையின் செயற்பாட்டில் நேரும் நோய். மருந்தைத் தொடங்கிய சில வாரங்களிலேயே பலருக்குத் தெளிவு பிறக்கிறது. தெளிந்ததும் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவதால் நோய் மீளுகிறது. உடனே, "மருந்தால் பயனில்லை" என்கிறோம். சர்க்கரை மாத்திரையை நிறுத்தியவரைப் பற்றி நாம் அவ்வாறு சொல்வதில்லையே!

"இது ஜின்னின் வேலையாக இருக்காதா, ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்போர் பலர். ஜின்கள் உண்டென்பது நம் ஈமானைச் சார்ந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் இன்னாரைப் பிடித்திருப்பது ஜின்தான் என்று தீர்ப்புச் சொல்லும் அறிவு யாரிடம் இருக்கிறது? அப்படிச் சொல்லிப் பணம் பறிப்பவரை நம்பிப் பிள்ளையை அடிவாங்க விடுவதற்கு மார்க்கத்தில் என்ன ஆதாரம்? ஓதிப் பார்த்தல் சுன்னத்தான வழி. நாமும் ஓதுகிறோம், இனியும் ஓதுவோம். ஆனால் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நம்மை ஏவியவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். துஆ மருந்துக்கு எதிரியன்று.

நம் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். உடலைப் போன்றே உள்ளமும் நோயுறும் என்றார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் வக்ஃபாக நிறுவிய மாபெரும் மருத்துவமனையில் மனநோயாளருக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. வக்ஃப் சொத்தின் வருவாயில் மனநோயாளியைப் பராமரித்த சமுதாயம் நாம். இன்றோ அவரைப் பள்ளிவாசல் படியிலிருந்து விரட்டும் சிறுவர்களை வேடிக்கை பார்க்கிறோம்.

மதீனாவில் அறிவுத் தெளிவில் குறையுடைய பெண்மணி ஒருவர், தமக்கொரு தேவை இருப்பதாக நபி (ஸல்) அவர்களிடம் கூறினார். எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று அவர் சொல்வதைக் கேட்க அண்ணலார் இசைந்தார்கள். அவர் பேசி முடிக்கும் வரை உடன் நின்றார்கள். இதனை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஊர் முழுதும் பார்க்கும் தெருவில் நிற்க நபியவர்கள் வெட்கப்படவில்லை. நாம் ஏன் வெட்கப்படுகிறோம்? சித்தம் கலங்கியவர் தெளியும் வரை அவர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்கிறது மார்க்கம். அல்லாஹ் கணக்கெழுதாதவர் மீது நாம் பழி எழுதலாமா?

வழி இல்லாமல் இல்லை. குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவில், மருந்தும் துஆவும் இணைந்த 'தவா-துஆ' திட்டத்தில் மனநல மருத்துவர்களும் முஜாவர்களும் கைகோத்தனர். பின்னாளில் ஏர்வாடியிலும் அம்முறை வந்தது. நம் மாவட்டங்களில் பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த அரசுச் சேவைக்குக் கட்டணம் இல்லை.

ஜமாஅத்தின் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று, நம் மஹல்லாவில் எந்த வீட்டிலும் எவரும் சங்கிலியிலோ பூட்டிய அறையிலோ இருக்கக்கூடாது. அத்தகைய வீடு இருப்பின் நிர்வாகம் குற்றம் சாட்டச் செல்லாமல், உதவச் செல்ல வேண்டும்.

இரண்டு, மாதந்தோறும் மருத்துவமனை சென்றுவரும் பேருந்துச் செலவுக்கும், கூடச் செல்பவர் இழக்கும் ஒருநாள் கூலிக்கும் பைத்துல்மாலிலிருந்து உதவ வேண்டும். மருந்து இலவசமாயினும் பயணம் இலவசமன்று; பல குடும்பங்களில் சிகிச்சை பாதியில் நிற்பது இங்கேதான்.

மூன்று, திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நோயை மறைத்து நிக்காஹ் பேசக்கூடாது. அது ஒரு நோயாளியோடு மற்றொரு உயிரையும் வதைப்பதாகும். அதேபோல், அண்ணனுக்கு நோய் என்பதற்காகத் தங்கையின் சம்பந்தத்தை முறிப்பதும் அநீதியே.

நான்கு, பட்டப்பெயர் சொல்லி அழைப்பதை நம் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்தே நிறுத்துவோம். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் உண்டு. அப்பெயரால் அழைத்து ஸலாம் சொல்லுங்கள்.

தாய்மார்களே! உங்கள் பிள்ளையின் நோய் உங்கள் பாவத்தின் தண்டனை அன்று. அருமை மகன் யூசுபைப் பிரிந்த துயரில் கண்கள் வெளுத்துப்போகும் அளவு கலங்கியவர் யஃகூப் நபி (அலை) அவர்கள். அதனால் அவர்களின் தகுதி குறைந்துவிடவில்லை. கதவைத் திறந்து சொல்லுங்கள். ஜமாஅத் உங்களுடன் வரும்.

யா அல்லாஹ்! உடல் நோயுற்றோருக்கும் உள்ளம் நோயுற்றோருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வாயாக! அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும், எங்களுக்கு அவர்கள் மீது இரக்கத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.