அடுக்குமாடி வீட்டில் ராஜபாளையம் குட்டி

விருதுநகர் மாவட்டத்தின் ஓர் ஊர்ப்பெயரை நாடெங்கும் கொண்டுசென்ற ராஜபாளையம் நாய், பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்ட பணியினத்தைச் சேர்ந்தது. பணியினம் என்பது, மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக அன்றி, குறிப்பிட்ட ஒரு வேலைக்கென்றே தேர்ந்து பெருக்கப்பட்ட நாய்வகையைக் குறிக்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டை சட்டவிரோதமாகிவிட, இந்நாய்க்குக் காவல் ஒன்றே மிஞ்சியது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகளுள் ஒன்றில் இடம்பெற்ற பெருமையும், பிரதமரின் 2020 ஆகஸ்டு மாத வானொலி உரையில் பெயர் சொல்லப்பட்ட புகழும் சேர்ந்து, முன்பு தோப்பில் வளர்ந்த இந்த வெள்ளை நாயின் குட்டியை நகரத்து வீடுகளுக்கும் கொண்டுவந்து சேர்த்துள்ளன. ராஜபாளையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கிழக்கே உள்ள சிவகாசியிலோ, அதனை ஒட்டிய விஸ்வநத்தத்திலோ, முற்றமில்லாத மாடி வீடு ஒன்றில் இக்குட்டி வளர நேரும்போது எழும் முதல் சிக்கல், அது எங்கே சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதே.

நாய்க்குட்டிக்குத் தூய்மையுணர்வைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பிறந்த முதல் வாரங்களில் தாய் நாவால் நக்கித் தூண்டினால்தான் குட்டியால் கழிவை வெளியேற்ற முடியும்; மூன்றாம் வாரத்துக்குப் பின், கால்கள் தரித்ததும், அது படுக்கையை விட்டு விலகிச் சென்று கழிக்கத் தொடங்கிவிடும். ஆனால் குட்டியின் கணக்கில் படுக்கை என்பது தான் படுத்திருக்கும் சிறு பரப்பு மட்டுமே ஆதலால், பத்தடி தள்ளியுள்ள கூடத்து மூலை அதற்கு வெளியிடமாகவே தோன்றுகிறது. பழக்குதல் எனப்படுவது, இந்தப் படுக்கையின் எல்லையை வீட்டு வாசல் வரை மெல்ல மெல்ல விரித்துக் காட்டும் வேலையாகும். தொடக்கத்தில் குட்டியை ஓர் அறைக்குள்ளோ அடைப்புக்குள்ளோ வைத்து, பழகப் பழக வீட்டின் பிற பகுதிகளைத் திறந்துவிட வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஏறத்தாழ இரண்டு மாத வயதில், பாதத்தின் கீழ் உணரப்படும் பரப்பு எதுவோ அதையே கழிவிடமாகக் கொள்ளும் பழக்கம் குட்டியிடம் உறுதிப்படத் தொடங்குகிறது. இதனைப் பரப்பு விருப்பம் எனலாம். மண்ணில் பழகியது மண்ணையும், சிமெண்டுத் தரையில் பழகியது சிமெண்டையும், தாளில் பழகியது தாளையும் தேடும். நகரத்துக் கையேடுகள் பலவும் பழைய செய்தித்தாளை விரித்துப் பழக்கச் சொல்கின்றன. அந்த யோசனை சிவகாசி வட்டாரத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. நாள்காட்டித் தாள்கள், பட்டாசு லேபிள்கள், அச்சகக் கழிவுகள், ஒட்டுவதற்காக அடுக்கி வைத்த அட்டைகள் எனத் தாள் தரையில் கிடப்பதையே தொழிலாகக் கொண்ட ஊரில், எந்தத் தாள் தனக்குரியது, எந்தத் தாள் மறுநாள் கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டியது என்று குட்டி பிரித்தறியும் என எதிர்பார்ப்பது நியாயமன்று.

ஆகவே மண்ணே தக்கது. பால்கனியிலோ மொட்டை மாடியிலோ விளிம்புள்ள அகன்ற தட்டு ஒன்றில் மண் நிரப்பி வைத்தால், பின்னாளில் தெருவோரத்து மண்ணுக்குக் குட்டியை மாற்றுவது எளிது. இவ்வட்டாரத்துக் கரிசல் நனைந்தால் காலில் அப்பும், காய்ந்தால் இறுகும் என்பதால் அதனுடன் மணலைத் தாராளமாகக் கலந்துகொள்ள வேண்டும். தெருநாய்கள் புழங்கும் இடத்து மண்ணை எடுக்கக் கூடாது. ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ நுண்கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. தடுப்பூசித் தொடரோ பொதுவாக நான்கு மாத வயதில்தான் நிறைவுறும். அதுவரை தட்டு, அதன்பின் தரை என்ற வரிசை இதனாலேயே வந்தது.

வேளையை உடலே வகுத்துக் கொடுக்கிறது. உணவு இரைப்பையை எட்டியதும் பெருங்குடல் தூண்டப்பட்டு அசையத் தொடங்கும். எனவே உண்ட சிறிது நேரத்திலும், உறங்கி எழுந்த உடனும், விளையாடி ஓய்ந்ததும் குட்டியைத் தட்டுக்குக் கொண்டுசென்றால் பெரும்பாலும் பலன் கிட்டும். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கிவைக்க இயலாது. காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் குடும்பத்தில், இடையில் வந்து பார்க்க ஆள் இல்லையென்றால், குட்டியை வாங்குவதையே தள்ளிப்போடுவது நல்லது.

கழித்து முடித்த அந்தக் கணத்திலேயே கொடுக்கப்படும் சிறு தீனியும் பாராட்டும் செய்யும் வேலையைத் தண்டனை ஒருபோதும் செய்வதில்லை. ஈரத்தில் மூக்கைத் தேய்க்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. முன்னர் நடந்த செயலோடு பின்னர் வரும் அடியை இணைத்துப் பார்க்க நாயால் இயலாததால், மனிதர் அருகில் இருக்கும்போது சிறுநீர் கழிப்பது ஆபத்து என்பதையே குட்டி கற்றுக்கொள்கிறது. அதன் விளைவாகக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து கழிக்கும். வெளியே அழைத்துச் சென்றாலும் வார் பிடித்தவர் முன்னிலையில் கழிக்க மறுக்கும். கறையைத் துடைக்க அம்மோனியா கலந்த திரவங்களைப் பயன்படுத்துவதும் தவறு. அவற்றின் வாடை சிறுநீரின் வாடையை ஒத்திருப்பதால் குட்டி அதே இடத்துக்கு மீண்டும் வரும். கறையின் மூலக்கூறுகளைச் சிதைக்கும் நொதி கலந்த திரவமே பொருத்தமானது.

வேட்டை இனத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். ஓடப் பிறந்த நாய்க்கு வெளியே செல்வதே பெரிய பரிசு. கழித்த மறுகணமே அதை வீட்டுக்கு இழுத்து வந்தால், கழித்தால் உலா முடிந்துவிடும் என்று கண்டுகொண்டு, உலாவை நீட்டிப்பதற்காகவே அது அடக்கிக்கொள்ளும். பிறகு வீட்டுக்குள் வந்து கழிக்கும். கழித்த பின்னரே உண்மையான ஓட்டமும் விளையாட்டும் தொடங்க வேண்டும்.

பட்டாசு வட்டாரத்துக்கு ஒலி தனிச் சிக்கல். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே உணர, நாயின் செவி சுமார் 45,000 வரை உணரும்; வெளியே சென்ற முதல் நாட்களில் வெடிச்சத்தத்தால் மிரண்ட குட்டி, அந்த இடத்தையே அஞ்சி, திறந்தவெளியில் கழிக்க மறுத்துவிடக்கூடும். மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலத்தைச் சமூகப் பழக்கப் பருவம் என்பர். அப்பருவத்தில் தொலைவில் கேட்கும் மெல்லிய வெடியொலிகளைத் தீனியோடு சேர்த்துப் பழக்குவது, பின்னர் அச்சத்தைப் போக்க முயல்வதைவிட எளிது. 2018-இல் உச்ச நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து, தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் வெடிக்கத் தமிழக அரசு நேரம் வகுத்தது. அந்த நேரங்களுக்கு முன்பே குட்டியை வெளியே கொண்டுசென்று வந்துவிடுவது நலம்.

எந்த வெடிக்கும் அசையாமல் உறங்கும் ராஜபாளையம் குட்டியைத் துணிச்சல்காரன் என்று மெச்சுவோர் உண்டு. மெச்சுவதற்கு முன் அதன் செவியைச் சோதிப்பது நல்லது. உட்செவி ஒழுங்காக இயங்க நிறமி உயிரணுக்கள் தேவைப்படுவதால், முழு வெள்ளை நாய்களில் சில பிறவிச் செவிடாக இருப்பதுண்டு. அத்தகைய குட்டிக்கும் இடத்தையும் வேளையையும் இதே முறையில் பழக்கலாம். ஏவற்சொல்லுக்கு ஈடாகக் கைச்சைகை ஒன்றை முதல் நாளிலிருந்தே வீட்டார் அனைவரும் மாறாமல் கையாள வேண்டும், அவ்வளவே.